நடுவில் கோபுரம் வைத்த போர்க்கப்பல்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு விமானந்தாங்கிப் போர்க்கப்பல் இருக்கிறது. நாலு முழ நீளம், ஒரு முழ அகலம், நல்ல தேக்கு. போர் விமானங்கள் ஓடிக் கிளம்ப வேண்டிய அதன் மேல்தளத்தில் இப்போது மோர்மிளகாய் காய்கிறது. தளத்தின் நட்டநடுவில் ஒரு கோபுரம் நிற்கிறது. மாலுமிகள் நின்று கப்பலைச் செலுத்துகிற இடம் அது. காக்கை வராமல் இருக்க, அம்மாவின் பழைய வாயில் புடவை ஒன்றை அந்தக் கோபுர உச்சியில் முடிந்து நாலு பக்கமும் இழுத்துவிடுவது வழக்கம். உண்மையான விமானந்தாங்கியில் கோபுரம் நடுவில் இருக்காது. வலப்பக்க ஓரமாக ஒதுங்கி நிற்கும். நடுவில் நின்றால் இறங்க வருகிற விமானம் நேரே போய் அதில்தான் மோதும். இந்தத் தவறு எப்படி வந்தது, காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடை ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊதுபத்தி மணக்க வீற்றிருந்த கப்பல் எங்கள் வீட்டு மிளகாய்க்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இது பழிவாங்கிய கதை. அப்படிச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

அப்பா கடற்படையில் இருந்தார். அவருடைய கப்பல் விமானந்தாங்கி அல்ல; ஃபிரிகேட் என்று சொல்லப்படும் சிறிய வகைப் போர்க்கப்பல். பாய்மரக் காலத்தில் அந்தப் பெயர் வேகமாக ஓடி வேவு பார்க்கும் கப்பலுக்கு இருந்தது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை வரிசையாகக் கவிழ்க்கத் தொடங்கியபோது, அவற்றைத் தேடிப் பிடிக்கும் காவல் கப்பலுக்கு அதே பெயர் வந்தது. அப்பாவின் வேலை தேடுவது. கப்பலின் அடிவயிற்றிலிருந்து ஒலியை நீருக்குள் அனுப்பிவிட்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு எதிரொலிக்காகக் காத்திருக்க வேண்டும். மீன் கூட்டத்தில் பட்டுத் திரும்பும் ஒலி ஒரு மாதிரி, இரும்பில் பட்டுத் திரும்பும் ஒலி வேறு மாதிரி. கப்பல் மெதுவாகப் போனால்தான் நன்றாகக் கேட்கும். மெதுவாகப் போகிற கப்பலை நீர்மூழ்கி சுலபமாகக் குறிவைக்கும். இரண்டும் தெரிந்துதான் அவர்கள் மெதுவாகப் போனார்கள். விடுமுறையில் வரும்போதெல்லாம் அப்பா வீட்டுக்குள் மெல்லிய குரலில்தான் பேசுவார். அம்மா சமையலறையில் எதையாவது கீழே போட்டால், கண்ணை மூடிக்கொண்டு, "எவர்சில்வர் டம்ளர், சின்னது" என்பார். நாங்கள் போய்ப் பார்ப்போம், சரியாக இருக்கும்.

அம்மா மாகறல் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அம்மாவைப் பெற்றவர்கள் என் அப்பா வீட்டு நிலத்தில் நாற்று நட்டவர்கள். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த இரண்டு வாக்கியமே போதும். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்திருந்த அம்மாவை அப்பா பம்பாயில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணப் படம் ஒன்றை அண்ணனுக்கு அனுப்பினார். அப்பா வெள்ளைச் சீருடையில் நிற்க, பக்கத்தில் அம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். காந்தி ரோட்டில் பட்டுக் கடை வைத்திருந்த அந்த அண்ணன்தான் என் பெரியப்பா. அவரிடமிருந்து பதில் வரவில்லை. அறுபத்தைந்து சண்டையில் அப்பா கடலில் இருந்தபோதும் ஒரு விசாரிப்பு வரவில்லை. அதற்குள் நானும் பிறந்திருந்தேன்.

எழுபத்தொன்று டிசம்பர்ப் போரில், மேற்குக் கடலில், அப்பாவின் கப்பலை எதிரியின் நீர்மூழ்கி மூழ்கடித்தது. பம்பாய்க் குடியிருப்பில் வெள்ளைச் சீருடை அணிந்த ஓர் அதிகாரி எங்கள் கதவைத் தட்டினார். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு நினைவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. அப்பாவின் உடம்பு கிடைக்கவில்லை. கடலிலிருந்து யாருடைய உடம்பையும் எங்களுக்குக் கொண்டுவந்து காட்டவில்லை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிக் காஞ்சிபுரம் வந்தாள். வந்த அன்று பெரியப்பா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. உடம்பு கிடைக்காதவர்களுக்கு எங்கள் பக்கத்தில் தர்ப்பையில் ஆள் உருவம் முடைந்து, அதற்குக் கொள்ளி வைத்துக் காரியம் செய்வார்கள். அப்பாவின் தர்ப்பை உருவம் ஏற்கெனவே எரிந்து முடிந்திருந்தது. கருமாதிச் சாப்பாட்டுக்கு ஊரே உட்கார்ந்திருந்தது. வாசற்படியில் கால் வைத்த அம்மாவைப் பெரியப்பா கையை நீட்டி மறித்தார்.

"யாரும்மா நீ?" என்றார்.

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் பெண்டாட்டி என்றாள். என்னை முன்னால் தள்ளி நிறுத்தினாள்.

"என் தம்பிக்குக் கல்யாணமே ஆவல. நாட்டுக்காக அப்படியே இருந்துட்டான். வூடு மாறி வந்துட்ட போலக்குது, போம்மா."

பந்தலுக்குள் இலையில் கை வைத்திருந்த ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. அம்மாவை அறியாதவர்கள் இல்லை அவர்கள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் யார் வயலில் நின்றார்கள் என்பதுவரை தெரிந்தவர்கள். தலையைக் குனிந்து பாயசத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அன்றைக்கு அவள் பிடித்த பிடியில் என் விரல்கள் வெளுத்துப்போயின.

அம்மா ஊரைவிட்டுப் போகவில்லை. போயிருந்தால் பெரியப்பாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு டாக்டரின் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை தேடிக்கொண்டு, பிள்ளையார்பாளையத்தில் தறிச்சத்தம் ஓயாத ஒரு சந்தில் வாடகைக்குக் குடியேறினாள். ஒருநாள் வேலை முடிந்து வந்த களைப்பில் வாசலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, எதிர்வீட்டு அம்மாள் விளையாட்டாக, "இன்னாம்மா, கப்பலா கவுந்துபோச்சு, கன்னத்துல கை வெச்சிக்கினு உக்காந்துக்கிற?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் கன்னத்தில் கை வைத்து நான் பார்த்ததேயில்லை.

பெரியப்பா இதற்குள் தம்பியை வைத்து ஒரு கோயிலே கட்டத் தொடங்கியிருந்தார். முதலில் படம். அதே கல்யாணப் படத்தில் அம்மாவை வெட்டி எறிந்துவிட்டு, அப்பாவை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, சந்தன மாலை சாத்திக் கடையில் மாட்டினார். வெட்டினவன் ஒன்றைக் கவனிக்கவில்லை. அப்பாவின் முழங்கை மடிப்பில் அம்மாவின் நாலு விரல்கள் அப்படியே தங்கிவிட்டன. படத்துக்குச் சாயம் தீட்டியவர் அவற்றின் மேல் வெள்ளையைப் பூசிச் சட்டைச் சுருக்கம் போல ஆக்கியிருந்தார். தெரியாதவர்களுக்குச் சுருக்கம். எனக்கு அது அம்மாவின் கை. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் கடைக்கு எதிரில் நின்று அந்தச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

அடுத்து வந்தது கப்பல். கிழக்குக் கடலில் நம்முடைய விமானந்தாங்கி அந்தப் போரில் பெரிய பேர் வாங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் கட்டத் தொடங்கி, போர் முடிந்துவிட்டதால் வேலை நின்று வெறும் உடம்பாகக் கிடந்த கப்பல் அது. நம் நாடு அதை வாங்கி, கட்டி முடித்து, சீ ஹாக் ஜெட் விமானங்களை ஏற்றிக்கொண்டு வந்தது. அந்த விமானங்கள் வங்கத் துறைமுகங்களின் மேல் குண்டு போட்ட செய்தி எல்லாப் பத்திரிகையிலும் படத்தோடு வந்தது. மூழ்கிப்போன சின்ன ஃபிரிகேட்டுக்கு அத்தனை பெரிய படம் கிடையாது. பெரியப்பா வியாபாரி. எது விற்கும் என்று அவருக்குத் தெரியும். பத்திரிகைப் படத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, கோயில் வாகனங்கள் செய்கிற ஆசாரி ஒருவரிடம் போனார். தம்பி போன கப்பல் இதுதான், செய்து கொடு என்றார்.

ஆசாரி கருட வாகனமும் யாளி வாகனமும் செய்த கைக்காரர். கடலை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர் கையில் கிடைத்தது பக்கவாட்டில் எடுத்த படம். அதில் கோபுரம் ஓரத்தில் நிற்கிறதா நடுவில் நிற்கிறதா என்று தெரியாது. கோபுரம் என்றால் நடுவில்தான் இருக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிராத விஷயம். அவர் செய்த எல்லா வாகனத்திலும் சுவாமி நடுவில்தான் உட்கார்ந்தார். ஓரத்தில் கனம் ஏறினால் தூக்குகிறவர்களின் தோள் சாய்ந்துவிடும். எனவே நட்டநடுவில் கோபுரத்தை நிறுத்தினார். அதற்கு முன்னும் பின்னும் கையளவு விமானங்களை வைத்தார். பழக்கதோஷத்தில் விமானங்களின் மூக்கு கருடனின் அலகு போலக் கொஞ்சம் வளைந்துவிட்டது. பெரியப்பா அசந்துபோனார். கண்ணாடிப் பெட்டி செய்து, அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்து, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டுப் பூசணிக்காய் உடைத்தார்.

கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் முதலில் கப்பலைப் பார்ப்பார்கள். பெரியப்பா தம்பியின் கதையை எடுத்துவிடுவார். விமானம் எப்படி விசையால் உந்தப்பட்டுக் கிளம்பும், திரும்பி வரும்போது எப்படிக் கொக்கியால் கம்பியைப் பற்றி நிற்கும் என்றெல்லாம் எங்கோ கேட்டதைக் கையை வீசிச் சொல்வார். கடைசியில், "கல்யாணம் பண்ணிக்கடான்னு கால்ல வுழாத கொறையா கேட்டேன். நாடுதாண்ணா என் பொஞ்சாதின்னுட்டான்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். பெண் வீட்டார் நெகிழ்ந்துபோய்ப் புடவையைப் பிரிக்கச் சொல்வார்கள். ஒருமுறை எதிர்க்கடைத் திண்ணையில் நின்று இதை முழுவதும் கேட்டேன். வீட்டுக்கு ஓடிவந்து, அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கல்லால் அடித்து நொறுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் குதித்தேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கீழ நிக்கிறவன தள்ளினா இன்னா அடி படும்? அவரு இன்னும் மேல ஏறணும். ஏறட்டும்" என்றாள். குரலில் சூடே இல்லை. அடுத்த துணியை எடுத்து உதறிக்கொண்டே, "நீ அதுக்குள்ள கப்பலப் பத்திப் படி. உங்கப்பா எதுல போனாருன்னு ஒருத்தனும் உங்கிட்ட பொய் சொல்லக் கூடாது" என்றாள்.

படித்தேன். நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மற்றப் பிள்ளைகள் அறிவுக்குப் படித்தார்கள், நான் வன்மத்துக்குப் படித்தேன். பிற்காலத்தில் பெண்கள் பள்ளியில் சரித்திர ஆசிரியையாக நான் வேலை பார்த்ததற்கு வேர் அந்த வன்மம்தான். அந்தக் கோபுரத் தவறை உலகத்தில் முதலில் செய்தவர் ஆசாரி அல்ல என்பதையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். முதல் உலகப் போரின்போது ஆங்கிலேயர் ஒரு போர்க்கப்பலை விமானங்களுக்காக மாற்றினார்கள். நடுவில் இருந்த கோபுரத்தையும் புகைபோக்கியையும் அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் இறங்குதளம் போட்டார்கள். கோபுரத்தில் பட்ட காற்று சுழன்று சுழன்று வந்து, இறங்கிய விமானங்களையெல்லாம் தூக்கி அடித்தது. பிறகுதான் நடுவைத் துடைத்துவிட்டுக் கோபுரத்தை ஓரத்துக்குத் தள்ளினார்கள். கடலையே ஆண்டவர்களுக்கு விமானங்களை இழந்துதான் அது புரிந்தது. ஆசாரியை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

அம்மா சொன்னபடியே பெரியப்பா மேலே ஏறினார். வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவரானார். தெரு முனையில் தம்பி பேரில் நினைவு வளைவு ஒன்று கட்டினார். போர் முடிந்து சில வருஷங்கள் கழித்து ஒரு டிசம்பரில் அதன் திறப்பு விழா. சென்னையில் யாரையோ பிடித்துக் கடற்படை அதிகாரி ஒருவரை வரவழைக்கிறார் என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்தது. அம்மா ஆஸ்பத்திரி போகும் வழியில் சுவரொட்டியின் முன் நின்று இரண்டு தடவை படித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது வெகு காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். "கடற்படைக்காரங்கள அவரே கூப்புட்றாரு. அவங்களுக்கு என்னத் தெரியாதா?" என்றாள்.

பெரியப்பாவுக்கு அது உறைக்கவேயில்லை. ஊரை வாயடைத்துவிட்டால் உலகமே வாயடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டார். விழாவன்று கப்பலைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, மூங்கில் தண்டில் கட்டி, சுவாமி புறப்பாடு போல நாலு பேர் தோளில் ஏற்றி மேளத்தோடு கொண்டுவந்தார். கோபுரத்துக்கு மல்லிகைச் சரம். மேடையில் அப்பாவின் படம், இன்னும் பெரிதாக்கி, ஆளுயரத்துக்கு நின்றது. பெரிதாக்கியதில் வெள்ளைப் பூச்சும் பெரிதாகி, அதற்கடியில் நாலு விரல்களின் நகம்வரை தெரிந்தது. பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்தோம். அம்மா வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், நர்ஸ் வெள்ளைப் புடவையோடு.

அதிகாரி மேடையேறினார். தென்பாண்டித் தமிழர், நரைத்த மீசைக்காரர். கப்பல் எதிரில் இறக்கப்பட்டதும் குனிந்து பார்த்தார். "இது எந்தக் கப்பலுங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். மைக் அவர் முன்னால் இருந்ததால் தெருவுக்கே கேட்டது.

"என் தம்பி உயிர வுட்ட கப்பலுங்க" என்றார் பெரியப்பா.

அதிகாரி தயங்கினார். "இல்லைங்களே. இது விமானந்தாங்கி. அது அப்போ கிழக்குக் கடல்ல இருந்தது, பத்திரமாத் திரும்பி வந்தது. உங்க தம்பி இருந்தது ஃபிரிகேட், மேற்கே." பிறகு பேச்சை இலகுவாக்க நினைத்தாரோ என்னவோ, "அதோட இந்தக் கோபுரம் நடுவுல இருக்கக் கூடாது. விமானம் எங்கே இறங்கும்?" என்றார்.

கூட்டத்தில் எவனோ ஒருவன் அதற்காகவே பிறந்தவன் போல எழுந்து நின்று, "கோபுரத்த ஒரு பிரதட்சணம் வந்துட்டு எறங்கும் சாமி!" என்றான். தெரு அதிர்ந்தது. மேளக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். தம்பியின் கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் ஆயுளில் அவ்வளவு இனிப்பான சிரிப்பை நான் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. பெரியப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

சிரிப்பு அடங்குவதற்குள் அதிகாரி நாற்காலிகளைப் பார்த்தார். "அவரோட மனைவி எங்கே? மேடைக்கு வரலையா?" என்றார்.

"தம்பிக்குக் கல்யாணமே ஆவலீங்களே" என்று பெரியப்பா முணுமுணுத்தார். அதுவும் மைக்கில் வந்தது.

"என்ன சொல்றீங்க நீங்க? பம்பாயில அந்தம்மா வீட்டுக் கதவைத் தட்டிச் சேதி சொன்னவனே நான்தானே. ஒரு சின்னப் பொண்ணும் நின்னுது."

அப்போதுதான் நானும் அவரை அடையாளம் கண்டேன். அம்மா மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. அவசரமே இல்லாமல், வார்டில் நடப்பதுபோல நடந்து மேடையேறினாள். அதிகாரி எழுந்து சல்யூட் அடித்தார். அம்மா அவரைக் கும்பிட்டுவிட்டு, படத்தருகே போய் நின்று, அப்பாவின் முழங்கையில் தெரிந்த நாலு விரல்களின் மேல் தன் கையை வைத்தாள். கையை எடுக்கவேயில்லை. அன்றைக்குக் கருமாதிப் பந்தலில் பாயசத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் பலர் முன்வரிசையில் இருந்தார்கள். இப்போது குனிந்து பார்க்க அவர்களுக்கு இலை இல்லை. பெரியப்பா மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கிப் போய்விட்டார்.

விழா கலைந்தது. கப்பலைத் தொட யாரும் வரவில்லை. பழைய கடற்போர்களில் தோற்ற கப்பலை வென்றவர்கள் கயிறு கட்டி இழுத்துத் தங்கள் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அது கொள்ளையல்ல, முறைப்படி வென்ற பரிசு என்று சட்டமே இருந்தது. அம்மாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. தூக்கி வந்த நாலு பேரையும் பார்த்து, "இன்னா நிக்கிறீங்க? தூக்குங்கப்பா, நம்ம வூட்டுக்கு" என்றாள். தூக்கினார்கள். படத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது மறுத்துவிட்டாள். "அது அவரு கடைக்கே போவட்டும். தெனமும் என் கை அவரு கண்ணுல பட்டுக்கினே இருக்கட்டும்." அப்படியே ஆயிற்று. கழற்றினால் ஊர் பேசும், கழற்றாவிட்டால் கை தெரியும். பெரியப்பா அந்தப் படத்துக்கு முதுகு காட்டி உட்கார நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஆனால் பெரியப்பா வாயால் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. "யாரும்மா நீ?" என்ற கேள்வி பதிலில்லாமல் நின்றது. அம்மா அதை மறக்கிற ரகமல்ல.

எழுபதுகள் முடியும் தறுவாயில் பெரியப்பா கோயில் குளத்துப் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அம்மா அப்போது தலைமை நர்ஸாக இருந்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள். அந்தக் காலத்தில் காலைக் கட்டி, கப்பியில் கயிறு விட்டு, எடைக்கல் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்க வைத்துவிடுவார்கள். திரும்பிப் படுக்கக்கூட முடியாது. அம்மாவுக்கு அந்த எடைக்கல்லைப் பார்த்ததும் எப்படியிருந்தது என்று நான் கேட்டதில்லை. பள்ளி விட்டதும் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். அதனால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன்.

கவனிப்பில் ஒரு குறை வைக்கவில்லை. நேரத்துக்கு மருந்து, முதுகில் புண் வராமல் துடைத்துப் பவுடர், சூடு பார்த்துக் கஞ்சி. எல்லாம் முடிந்ததும் கட்டிலின் கால்மாட்டில் நின்று, வார்டுக்கே கேட்கிற குரலில் கேட்பாள்.

"மாமா, நான் யாரு?"

முதல் நாள், "நர்ஸு" என்றார்.

"அது வார்டு பூராவுக்கும். உங்களுக்கு யாரு?"

பெரியப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். குரல் உயராது, கெஞ்சாது. மற்ற நோயாளிகள் அந்த நேரத்துக்குக் காத்திருக்கத் தொடங்கினார்கள்; கஞ்சி குடிப்பதை நிறுத்திவிட்டுப் பெரியப்பாவைப் பார்ப்பார்கள். ஓடிப்போக முடியாத ஆளிடம் கேட்பது கொடுமை என்று யாராவது சொல்லலாம். வாசற்படியில் கையை நீட்டி மறித்தபோது நாங்கள் மட்டும் எங்கே ஓடிப்போக முடிந்தது?

ஒரு சாயங்காலம் கிராமத்திலிருந்து கண் மங்கிய உறவுக்காரக் கிழவர் ஒருவர் பார்க்க வந்தார். அம்மா தலையணையைச் சரிசெய்வதைப் பார்த்து, "யாருப்பா இந்தம்மா? பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கிறாங்களே" என்று கேட்டுவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அம்மா காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குச்சியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். பெரியப்பா கிழவரைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"என் தம்பி பொஞ்சாதி" என்றார்.

"கேக்கல மாமா. கொஞ்சம் சத்தமா."

"என் தம்பி பொஞ்சாதி!"

அம்மா என்னைக் கைகாட்டினாள். "இவ?"

"தம்பி பொண்ணு." அழுதுகொண்டே சொன்னார்.

அம்மா காய்ச்சல் குச்சியை அவர் நாக்கின் அடியில் வைத்தாள். "இப்ப வாய மூடிக்கோங்க" என்றாள்.

அத்தோடு விடவுமில்லை. வீட்டுக்குப் போகும்வரை தினமும் கேட்டாள். தினமும் அவர் சொன்னார். நான்கூட ஒருநாள், "போதாதாம்மா?" என்றேன். "காந்தி ரோட்டுல எத்தினி பேருகிட்ட இல்லன்னாரு? அத்தினி வாட்டி ஆமான்னு சொல்லட்டும்" என்றாள். உனக்குப் பாவமாக இல்லையா என்று கேட்டதற்கு, "இன்னா பாவம்? அவரு காலு நேரா கூடிச்சா இல்லியா?" என்றாள். கால் நேராகத்தான் கூடியது. கடைசிவரை நொண்டாமல் நடந்தார்.

இருவரும் இப்போது இல்லை. போன வாரம் பெரியப்பாவின் மகன், என் அண்ணன், வீட்டுக்கு வந்தான். தலை நரைத்துவிட்டது. கடையைப் புதிதாக இடித்துக் கட்டுகிறானாம். சித்தப்பா படம் பத்திரமாக இருக்கிறது, கீழே அந்தக் கப்பலையும் வைத்தால் பழையபடி இருக்கும் என்றான். மாடிக்குக் கூட்டிப்போனேன். மிளகாயையும் கோபுரத்தில் கட்டிய புடவையையும் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். கெட்டவனில்லை. ஆனால் எனக்குள் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அவன் கண்ணை நேராகப் பார்த்து, வார்டுக்கே கேட்கிற அந்தக் குரலில் கேட்டேன்.

"நான் யாரு?"

அவன் மிளகாய் ஒன்றை எடுத்து முகர்ந்துகொண்டிருந்தான். "இன்னா கேள்வி இது, என் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, "இது இன்னும் ரெண்டு வெயில் காயணும்ல?" என்றான்.

இத்தனை வருஷம் தீட்டி வைத்த கத்தியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கண் கலங்கியது, மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டேன். கீழே வந்து அவனுக்குத் தயிர்சாதம் போட்டு, அந்தக் கப்பலில் காய்ந்த மிளகாயை வறுத்து வைத்தேன். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். போகும்போது ஒரு டப்பா நிறையக் கொடுத்தனுப்பினேன்.

கப்பலைக் கொடுக்கவில்லை. அவன் போன பிறகு மாடிக்கு ஏறினேன். வெயில் இன்னும் இருந்தது. மிளகாயைத் திருப்பிப் போட்டுவிட்டு, அம்மாவின் புடவையைக் கோபுரத்தில் இறுக்கிக் கட்டினேன்.